ஜாஸ் கிடார் பயிற்சி: ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா, வேண்டாமா?

வீட்டில் ஒரு எலெக்ட்ரிக் கிடார் இருக்கிறது. புதிதாக ஒரு கம்ப்யூட்டரும் வாங்கியாயிற்று. ஆனால் ஆம்ப்ளிஃபயர் இல்லை. இந்த நிலையில் ஜாஸ் பழகுபவர்கள் பலர் எங்கும் இணைக்காமலேயே கிடாரை வாசித்து வருகிறார்கள். கை பழகினால் போதாதா, ஒலி எப்படி இருந்தால் என்ன என்பது அவர்கள் வாதம். வேறு சிலர் ஆம்ப்ளிஃபயர் வாங்கும் வரை பயிற்சியைத் தள்ளிப் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டுமே தேவையில்லை. இணைக்காமல் வாசிப்பதும் இணைத்து வாசிப்பதும் இரண்டு வெவ்வேறு பயிற்சிகள். ஒன்று கற்றுத் தருவதை மற்றது கற்றுத் தராது. ஜாஸ் கிடாருக்கு இரண்டும் வேண்டும். ஆம்ப்ளிஃபயர் இல்லாத குறையை உங்கள் கம்ப்யூட்டரே தீர்த்து வைக்கும். அதற்கு எதை எங்கே இணைக்க வேண்டும், எதை இணைக்கக் கூடாது, எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

கொஞ்சம் பழைய கதை

ஜாஸ் இசைக்குழுக்களில் ட்ரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் பெரும் சத்தம் எழுப்புபவை. அவற்றுக்கு நடுவில் கிடாரின் ஒலி காணாமல் போகும். அதனால் 1930களில் கிடார் கலைஞரின் வேலை பெரும்பாலும் தாளத்தைத் தாங்கிப் பிடிப்பதாகவே இருந்தது. கவுன்ட் பேஸி இசைக்குழுவில் 1937ல் சேர்ந்த ஃப்ரெடி கிரீன், 1987ல் இறக்கும் வரை சுமார் 50 ஆண்டுகள் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயர் இல்லாமலேயே வாசித்தார். அளவுக்கு நான்கு தட்டு, ஒவ்வொரு தட்டிலும் ஒரு குறுகிய மீட்டல். தனியாகக் காதில் விழாவிட்டாலும் குழு முழுவதும் அதன் மேல்தான் நடந்தது.

1936ல் கிப்சன் நிறுவனம் இஎஸ்-150 என்ற எலெக்ட்ரிக் கிடாரை வெளியிட்டது. கிடார், ஆம்ப்ளிஃபயர், கேபிள் மூன்றும் சேர்ந்து சுமார் 150 டாலர் விலை. பெயரில் உள்ள எண் அதைக் குறிப்பதுதான். 1939ல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், இந்தக் கிடாரை வைத்துக்கொண்டு சாக்ஸபோன் போல நீண்ட தனி வாசிப்புகளை வாசித்தார். 1942ல் தனது 25வது வயதில் அவர் இறந்து போனார். ஆனால் அதற்குள் கிடார் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்துவிட்டது.

இதிலிருந்து ஒன்று புரியும். ஜாஸ் கிடாரில் ஆம்ப்ளிஃபயர் என்பது சத்தத்தைக் கூட்டும் பெட்டி மட்டுமல்ல. அது வாத்தியத்தின் ஒரு பாதி. மற்றொரு பாதி கையில் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே பழக வேண்டும்.

இணைக்காமல் வாசிப்பதன் லாபமும் நஷ்டமும்

முதலில் லாபம். கிடாரை எடுத்தவுடன் வாசிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார். கரண்ட் போனாலும் பயிற்சி நிற்காது. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் செயல்படுகின்றனவா, இடது கை விரல் கட்டைக்கு அருகில் சரியாகப் பதிகிறதா என்பதெல்லாம் நன்றாகத் தெரியும். எதிரொலியோ இனிமைப்படுத்தும் எஃபெக்ட்டோ இல்லாததால் தவறுகளை மறைக்க வழியில்லை.

இனி நஷ்டம். கிடாரின் உடல் திடமான கட்டையாக இருந்தால் இணைக்காதபோது ஒலி மிகக் குறைவு. உள்ளே வெற்றிடம் உள்ள ஆர்ச்டாப் கிடாரில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். எதுவானாலும், ஒலி போதவில்லை என்று தெரிந்தால் நம் கை தானாகவே ஓங்கி மீட்டத் தொடங்கிவிடும். நாளடைவில் அதுவே பழக்கமாகிவிடும். ஓங்கி மீட்டினால் கம்பி அதிகமாக இழுபட்டு, ஸ்வரம் ஆரம்பத்தில் சற்று மேலே போய்விட்டுத்தான் சரியான இடத்துக்கு இறங்கும். ஆம்ப்ளிஃபயரில் இது அப்பட்டமாகக் கேட்கும்.

இரண்டாவது நஷ்டம், ஸ்வரத்தின் முடிவு. இணைக்காத கிடாரில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். எனவே ஒரு ஸ்வரத்தை எங்கே நிறுத்துவது என்ற கவலையே வராது. ஆம்ப்ளிஃபயரில் அதே ஸ்வரம் நீண்டு ஒலிக்கும். அடுத்த ஸ்வரத்தின் மேல் ஏறி உட்காரும். அதை விரலால் அணைக்கத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, உரசல் சத்தம். விரலைக் கம்பியின் மேல் இழுக்கும்போது வரும் கீச்சொலியும், மீட்டாத கம்பிகள் தாமாக அதிரும் ஒலியும் இணைக்காதபோது காதில் விழாது. ஓராண்டு இணைக்காமலே பழகியவர் முதல் முறையாக நண்பர்களின் குழுவோடு ஆம்ப்ளிஃபயரில் வாசிக்கும்போது, அத்தனை குறையும் ஒரே நாளில் வெளியே வரும். அன்று அவர் புதிதாகத் தவறு செய்யவில்லை. ஓராண்டாகச் செய்ததுதான் அன்று கேட்கிறது.

இணைத்து வாசிக்கும்போது கிடைப்பது

இணைத்து வாசித்தால் மெதுவாக மீட்டினாலே போதும். அப்போதுதான் கைக்கு மென்மை, வன்மை இரண்டுக்கும் இடம் கிடைக்கிறது. எப்போதும் ஓங்கியே மீட்டுபவருக்கு மேலே போக இடம் இல்லை.

வெஸ் மான்ட்காமரி இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரைச் சேர்ந்த இவர், சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டு, அவற்றைப் போலவே வாசித்துப் பழகியவர். வீட்டில் ஆம்ப்ளிஃபயரோடு பழகியபோது சத்தம் தொந்தரவாக இருந்ததால், பிக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலின் சதைப்பகுதியால் மீட்டத் தொடங்கினார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை. சத்தத்தைக் குறைக்கச் செய்த அந்த ஏற்பாடே பிறகு அவருடைய தனி முத்திரை ஆனது. 1968ல் அவர் இறந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வட்டமான, மெத்தென்ற ஒலியைக் கேட்டவுடன் இவர்தான் என்று சொல்லிவிடலாம். அப்படி மெல்ல மீட்டிய ஒலியைக் கேட்பவர் காதுக்குக் கொண்டு சேர்த்தது ஆம்ப்ளிஃபயர்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. மூன்று நான்கு கம்பிகளைச் சேர்த்து மீட்டும் கார்ட்ஸ், ஆம்ப்ளிஃபயரில் தனி ஸ்வரத்தைவிடப் பெரிதாக ஒலிக்கும். கார்ட்ஸ் வாசிக்கும்போது கையைத் தணித்து, தனி ஸ்வரத்துக்கு வரும்போது சற்று உயர்த்த வேண்டும். இந்தச் சமநிலையை இணைத்து வாசித்தால்தான் கற்க முடியும்.

கம்ப்யூட்டரில் எங்கே இணைப்பது?

கிடார் கேபிளின் முனை 6.35 மி.மீ. தடிமன் கொண்டது. கம்ப்யூட்டரின் மைக் துளை 3.5 மி.மீ. கடையில் கிடைக்கும் சிறிய மாற்று முனையைப் போட்டு நேரடியாகச் செருகிவிடலாம் என்று தோன்றும். ஒலி வரவும் வரும். ஆனால் நன்றாக வராது. காரணம் இதுதான்.

கிடாரில் உள்ள பிக்கப், காந்தத்தின் மேல் மெல்லிய கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிச் செய்தது. அது தரும் சிக்னல் மிக நலிவானது. அதை வாங்கும் கருவியின் உள்ளீட்டு மின்தடை சுமார் 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம் அளவுக்கு இருந்தால்தான் சிக்னல் முழுமையாக வந்து சேரும். கம்ப்யூட்டரின் மைக் துளையில் இது சில ஆயிரம் ஓம்தான். அதனால் உச்ச ஒலிகள் மழுங்கி, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கும். ஜாஸுக்கு மெத்தென்ற ஒலிதானே வேண்டும் என்று கேட்கலாம். மெத்தென்ற ஒலி வேறு, மங்கிய ஒலி வேறு. முதலாவதை நீங்கள் டோன் குமிழைத் திருப்பி உண்டாக்குகிறீர்கள். வேண்டாமென்றால் திரும்பக் கொண்டுவரலாம். இரண்டாவதில் அந்த வசதி இல்லை.

சரியான வழி, யுஎஸ்பி ஆடியோ இண்டர்ஃபேஸ் என்ற சிறிய பெட்டி. ஒரு பக்கம் கிடார் கேபிளும் ஹெட்ஃபோனும், மறுபக்கம் கம்ப்யூட்டருக்குப் போகும் யுஎஸ்பி கேபிளும் இதில் இருக்கும். வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, இன்ஸ்ட் அல்லது ஹை-இஸட் என்று குறித்த உள்ளீடு இருக்க வேண்டும், அதுதான் கிடாருக்கானது. இரண்டு, டைரக்ட் மானிட்டர் என்ற வசதி இருந்தால் நல்லது. அதன் பயன் என்ன என்று பிறகு சொல்கிறேன்.

இணைத்த பின் உங்களால் முடிந்த அளவு ஓங்கி ஒரு கார்ட்ஸ் மீட்டுங்கள். இண்டர்ஃபேஸில் சிவப்பு விளக்கு எரிந்தால் கெயின் குமிழைக் குறைத்து, விளக்கு எரியாத இடத்தில் வையுங்கள். சிவப்பு எரியும் நிலையில் பதிவானால் ஒலி உடைந்துவிடும்; பிறகு எந்த சாஃப்ட்வேராலும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது.

தாமதம் என்னும் தொல்லை

இணைத்தவுடன் பலர் சந்திக்கும் பிரச்சினை இது: கம்பியை மீட்டிய பிறகு சற்றுக் கழித்துத்தான் ஹெட்ஃபோனில் ஒலி கேட்கும். இதை லேட்டன்ஸி என்பார்கள்.

கம்ப்யூட்டர் ஒலியைச் சொட்டுச் சொட்டாக வாங்கிக்கொள்வதில்லை. ஒரு பாத்திரம் நிறைந்த பிறகே எடுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பாத்திரத்தின் பெயர்தான் பஃபர். குடத்தில் பிடித்தால் நிறைய நேரம் ஆகும், ஆனால் நடை குறைவு. சொம்பில் பிடித்தால் உடனே நிறையும், ஆனால் நடந்து நடந்து கால் ஓயும். பஃபர் பெரிதாக இருந்தால் தாமதம். மிகச் சிறிதாக இருந்தால் பிராசஸர் திணறி, ஒலியில் படபடவென்று வெடிப்புகள் வரும்.

கணக்கு எளிது. ஒரு செகண்டுக்கு 44,100 சாம்பிள் என்று வைத்தால், 1,024 சாம்பிள் பஃபர் நிறைய சுமார் 23 மில்லிசெகண்ட் ஆகும். 128 சாம்பிள் என்றால் சுமார் 3 மில்லிசெகண்ட்தான். உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை என்று இதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். கருவிகளும் தம் பங்குக்குச் சிறிது சேர்க்கும்.

இது எவ்வளவு முக்கியம்? காற்றில் ஒலி ஒரு செகண்டில் சுமார் 343 மீட்டர் போகும். 3 மீட்டர் தள்ளி வைத்த ஆம்ப்ளிஃபயரின் ஒலி காதுக்கு வர சுமார் 9 மில்லிசெகண்ட் ஆகிறது. மேடையில் யாரும் அதைத் தொந்தரவாக நினைப்பதில்லை. எனவே மொத்தத் தாமதம் 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் 50 மில்லிசெகண்ட் என்றால்? ஜாஸின் ஸ்விங் நடையில் ஒரு தட்டை நீளம், குறில் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். நிமிடத்துக்கு 200 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கு 300 மில்லிசெகண்ட். அதை இரண்டுக்கு ஒன்று என்று பிரித்தால் குறில் 100 மில்லிசெகண்ட்தான். அதில் பாதியைத் தாமதமே விழுங்கிவிட்டால், ஒலியைக் கேட்டுக் கேட்டு உங்கள் கை தவறான இடத்துக்கு நகரும். தாமதத்தோடு தினமும் பழகுவது, இணைக்காமல் பழகுவதைவிடக் கெடுதல்.

தாமதத்தைக் குறைக்கும் வழிகள்

1. விண்டோஸில் இண்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஆசியோ டிரைவரை முதலில் இன்ஸ்டால் செய்யுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் ஆசியோ ஃபார் ஆல் என்ற இலவச டிரைவரை முயன்று பார்க்கலாம். மேக் கம்ப்யூட்டரில் இதற்கெனத் தனி டிரைவர் பெரும்பாலும் தேவைப்படாது.

2. டிரைவரின் செட்டிங்ஸில் பஃபரை 128 சாம்பிளில் வையுங்கள். வெடிப்புச் சத்தம் வந்தால் 256க்கு உயர்த்துங்கள்.

3. பிரௌசர் முதலான மற்ற புரோகிராம்களை மூடிவிடுங்கள்.

4. புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிசெகண்டைத் தாண்டும். ஒயர் உள்ள ஹெட்ஃபோனை இண்டர்ஃபேஸிலேயே செருகுங்கள்.

5. இவற்றுக்குப் பிறகும் சரியாகவில்லையா? டைரக்ட் மானிட்டரை ஆன் செய்யுங்கள். அப்போது கிடாரின் ஒலி கம்ப்யூட்டருக்குள் போய்வராமல் நேரே ஹெட்ஃபோனுக்கு வரும். தாமதம் உணரும்படி இருக்காது. ராக் வாசிப்பவர்களுக்கு இது வெறுமையாகத் தோன்றும். ஜாஸுக்குத் தெளிவான ஒலி போதும் என்பதால் நமக்கு ஒத்துவரும். ஒன்று மட்டும் கவனியுங்கள். டைரக்ட் மானிட்டர், சாஃப்ட்வேர் இரண்டும் ஒன்றாக ஓடினால் ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு முறை கேட்கும். ஏதாவது ஒன்றை அணைத்துவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் சாஃப்ட்வேர்

மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் சாஃப்ட்வேரிலேயே ஆம்ப்ளிஃபயர் மாதிரிகள் உள்ளன. விண்டோஸ், மேக் இரண்டிலும் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச சாஃப்ட்வேரைப் பயன்படுத்தலாம். லினக்ஸில் கிடாரிக்ஸ் இருக்கிறது.

நியூரல் ஆம்ப் மாடலரை இன்ஸ்டால் செய்து திறந்தால் ஒலி எதுவும் மாறியிருக்காது. ஆம்ப்ளிஃபயர் மாதிரி ஃபைல் ஒன்றைத் தனியாக டவுன்லோட் செய்து அதில் ஏற்ற வேண்டும். க்ளீன் என்று பெயரில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அந்த மாதிரியில் ஸ்பீக்கர் பெட்டி சேர்ந்திருக்காவிட்டால் ஒலி தகரம் போலக் கேட்கும். அப்போது ஐஆர் எனப்படும் ஸ்பீக்கர் பெட்டியின் ஃபைலையும் அதற்குரிய இடத்தில் ஏற்றுங்கள்.

பிறகு கிடாரில் கழுத்துப் பக்கத்து பிக்கப்பைத் தேர்ந்தெடுத்து, டோன் குமிழைப் பாதி வரை குறையுங்கள். எதிரொலி, எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். குமிழ்களைத் திருப்பிக்கொண்டே பயிற்சி நேரத்தைத் தொலைப்பவர்கள் அதிகம். ஒரு முறை அமைத்து சேவ் செய்துவிட்டால், ஒரு மாதத்துக்கு அதைத் தொடாதீர்கள்.

ஆடாசிட்டியில் உங்கள் கையைப் பாருங்கள்

இனி கம்ப்யூட்டர் மட்டுமே தரக்கூடிய உதவி. ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். ஜெனரேட் மெனுவில் ரிதம் ட்ராக் என்பதைக் கிளிக் செய்து, டெம்போவை 60 என்று கொடுங்கள். டிக் டிக் என்று ஒரு ட்ராக் உருவாகும். ஒவ்வொரு டிக்கையும் இரண்டாவது, நான்காவது தட்டாக எண்ணிக்கொள்ளுங்கள்; அப்போது உங்கள் வேகம் நிமிடத்துக்கு 120 ஆகும். ஒன்றும் மூன்றும் உங்கள் மனதில் ஓட வேண்டும். ஜாஸ் பழகுபவர்கள் வழக்கமாகச் செய்யும் பயிற்சி இது.

ஹெட்ஃபோனில் டிக் ஒலியைக் கேட்டபடி 12 அளவு ப்ளூஸ் ஒன்றை இண்டர்ஃபேஸ் வழியாகப் பதிவு செய்யுங்கள். பதிவான அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு சிறு குன்றாகத் தெரியும். குன்றுகளின் உயரம் தாறுமாறாக இருந்தால் வலது கை சீராக இல்லை. ஒரு குன்று முடியும் முன் அடுத்தது ஏறினால் ஸ்வரங்களை அணைக்கவில்லை. எல்லாக் குன்றுகளும் ஒரே உயரத்தில் உச்சியைத் தொட்டு நின்றால், நீங்கள் ஓங்கியே மீட்டுகிறீர்கள், அல்லது கெயின் அதிகம். காது மன்னித்துவிடுவதைக் கண் மன்னிக்காது.

இணைக்காத வாசிப்பையும் லேப்டாப்பின் மைக் வழியாகப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், உங்கள் மைக்கைக் கிளிக் செய்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை ஆஃப் செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று நினைத்து, உங்கள் கிடாரையே அது அழுத்திவிடக்கூடும்.

தினமும் 45 நிமிடம்

முதல் 15 நிமிடம் இணைக்காமல் வாசியுங்கள். ஸ்கேல், விரல் மாற்றம், புதிய கார்ட்ஸ் எல்லாம் இங்கே. ஓங்கி மீட்டக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஒலி போதவில்லை என்று தோன்றினால் கையின் வேகத்தைக் கூட்டாமல், அமைதியான அறைக்குப் போங்கள்.

அடுத்த 20 நிமிடம் இணைத்து வாசியுங்கள். அதே பாடத்தை, அதே மென்மையோடு. இம்முறை ஸ்வரத்தின் முடிவையும் உரசல் சத்தத்தையும் மட்டும் கவனியுங்கள். ஃப்ரெடி கிரீன் போல, தட்டுக்கு ஒன்றாகக் குறுகிய கார்ட்ஸ் வாசித்து, அடுத்த தட்டுக்கு முன் இடது கையைத் தளர்த்தி ஒலியை நிறுத்திப் பழகுங்கள்.

கடைசி 10 நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். நேற்றைய பதிவை அழிக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து முதல் நாள் பதிவைக் கேட்டால், எங்கே முன்னேறியிருக்கிறீர்கள் என்பது தானே தெரியும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

• பிற்பாடு ஆம்ப்ளிஃபயர் வாங்கினால், அதன் ஸ்பீக்கர் அவுட் துளையைக் கம்ப்யூட்டரிலோ இண்டர்ஃபேஸிலோ செருகவே கூடாது, கருவி பழுதாகிவிடும். லைன் அவுட் என்று குறித்த துளை மட்டுமே பதிவுக்கு ஏற்றது.

• ஹம் என்ற இரைச்சல் வந்தால் முதலில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் திசையை மாற்றிப் பாருங்கள். மானிட்டருக்கும் சார்ஜருக்கும் அருகில் பிக்கப் இருந்தால் இது வரும். இரைச்சலை நிறுத்துவதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை எடுத்துவிடாதீர்கள். அது உயிரைக் காக்கும் முனை.

• ஹெட்ஃபோனை மாட்டும் முன் வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, பிறகு மெதுவாகக் கூட்டுங்கள். கேபிளைச் செருகும்போதும் எடுக்கும்போதும் வால்யூம் குறைவாகவே இருக்கட்டும்.

கையில் இருக்கும் கிடாரும் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரும் பயிற்சியைத் தொடங்கப் போதும். நடுவில் ஒரு இண்டர்ஃபேஸ் சேர்ந்தால் இரண்டு பாதிகளும் ஒன்றாகும். இண்டர்ஃபேஸ் வாங்கும் வரை காத்திருக்காமல், அந்த முதல் 15 நிமிடப் பயிற்சியை இன்று இரவே தொடங்கிவிடுங்கள். மெதுவாக மீட்டுங்கள், அது போதும்.